ஸ்மோக்கி என்னும் சிகிச்சை நாய்

1944ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள நியூ கினித் தீவின் காட்டில், கைவிடப்பட்ட ஒரு பதுங்குகுழிக்குள் அமெரிக்க வீரர் ஒருவர் ஒரு நாயைக் கண்டார். அது காவல் நாயும் அன்று. வேட்டை நாயும் அன்று. இரு கைகளால் எளிதாக ஏந்திவிடக்கூடிய மிகச் சிறிய நாய். யார்க்‌ஷியர் டெரியர் என்னும் இனத்தைச் சேர்ந்தது. அதன் எடை ஏறத்தாழ 1.8 கிலோகிராம், உயரம் 18 சென்டிமீட்டர். உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒருவர் நாள்தோறும் சுமக்கும் புத்தகப்பை அதைவிடக் கனமாக இருக்கும்.

போர் நடக்கும் காட்டுக்குள் இத்தகைய வீட்டு நாய் எப்படி வந்தது? ஜப்பானிய வீரர் எவரேனும் வளர்த்த நாயாக இருக்கலாம் என்று முதலில் கருதினார்கள். எனவே, அருகிலிருந்த போர்க்கைதிகள் முகாமுக்கு அதைக் கொண்டு சென்றார்கள். ஜப்பானிய மொழியில் இட்ட கட்டளை எதுவும் அதற்குப் புரியவில்லை. ஆங்கிலமும் புரியவில்லை. அதன் பழைய வாழ்க்கை அந்தக் குழியோடு மறைந்துவிட்டது.

நாயைக் கண்டெடுத்தவர் அதை வைத்துக்கொள்ள விரும்பவில்லை. அது மற்றொரு வீரரின் கைக்கு மாறியது. அவருக்கோ சீட்டாட்டத்தைத் தொடரப் பணம் தேவைப்பட்டது. இரண்டு ஆஸ்திரேலியப் பவுண்டுக்கு அதை விற்றுவிட்டார். வாங்கியவர் வில்லியம் வின் என்னும் இளைஞர். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த அவர், விமானத்திலிருந்து எதிரியின் நிலப்பகுதிகளைப் படம் எடுக்கும் படைப்பிரிவில் பணியாற்றினார். நண்பர்கள் அவரைப் பில் என்று அழைப்பார்கள். அன்றிலிருந்து அந்த நாய் அவருடைய கூடாரத்தில் வாழத் தொடங்கியது. அதன் பெயர் ஸ்மோக்கி.

இராணுவத்தில் முறையாகச் சேர்க்கப்பட்ட நாய்களுக்கு உணவும் மருத்துவமும் உண்டு. ஸ்மோக்கிக்கு அவை எதுவும் இல்லை. வின் தமக்குக் கிடைத்த டின் உணவை அதனுடன் பகிர்ந்துகொண்டார். சீட்டாட்ட மேசையின் மேல் விரிக்கப்படும் பச்சைத் துணிதான் அதன் படுக்கை. வீரர்கள் அணியும் இரும்புத் தலைக்கவசத்தில் தண்ணீர் ஊற்றி அதைக் குளிப்பாட்டினார். வெப்பமும் ஈரமும் நிறைந்த அந்தக் காட்டில், நீண்ட முடி கொண்ட ஒரு நாயைத் தூய்மையாக வைத்திருப்பது எளிதான வேலையன்று.

ஓய்வு நேரங்களில் வின் அதற்குப் பயிற்சி கொடுத்தார். சுடுவதுபோல் சைகை காட்டினால் இறந்ததுபோல் விழுந்து கிடக்க வேண்டும். கம்பியின் மேல் நடக்க வேண்டும். எழுத்து அட்டைகளைக் கலைத்துப் போட்டால், தன் பெயருக்குரிய எழுத்துகளை வரிசையாக எடுத்து வர வேண்டும். ஸ்மோக்கி இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டது. ஆனால், பின்னாளில் அதற்குப் பெருமை தேடித் தந்த வேலைக்கு இந்த வித்தைகளில் ஒன்றுகூட முதன்மையானதாக இருக்கவில்லை.

அந்த வேலை ஒரு கொசுக்கடியில் தொடங்கியது. வின்னுக்கு டெங்கிக் காய்ச்சல் கண்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழ்பவர்களுக்கு அந்த நோயைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உடல் முழுவதும் வலி, கடும் காய்ச்சல், எழுந்து நிற்கவும் இயலாத சோர்வு. அவர் நியூ கினியில் இருந்த இராணுவ மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். சில நாள்களுக்குப் பின் நண்பர்கள் அவரைப் பார்க்க வந்தார்கள். அவருக்கு வந்திருந்த கடிதங்களைக் கொண்டுவந்தார்கள். கூடவே ஸ்மோக்கியையும் தூக்கி வந்தார்கள்.

அதே மருத்துவமனையில், பியாக் தீவுப் போரில் காயமடைந்த வீரர்கள் பலர் படுத்திருந்தார்கள். ஸ்மோக்கியைக் கண்ட செவிலியர்கள், இதை மற்ற நோயாளிகளிடமும் கொண்டு செல்லலாமா என்று வின்னிடம் கேட்டார்கள். மருத்துவமனைக்குள் நாயை விடுவது அக்காலத்தில் வழக்கத்திலேயே இல்லாத செயல். அனுமதி தர வேண்டியவர் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்த மருத்துவர் சார்லஸ் மேயோ. அமெரிக்காவின் புகழ்பெற்ற மேயோ மருத்துவமனையை நிறுவிய குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். நாய் வார்டுகளுக்குச் செல்லவும், இரவில் வின்னின் படுக்கையிலேயே உறங்கவும் அவர் அனுமதி தந்தார்.

பகலில் செவிலியர்களுடன் ஸ்மோக்கி வார்டு வார்டாகச் சென்றது. அங்கு அது பெரிதாக என்ன செய்துவிட்டது? வீட்டைவிட்டுப் பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில், கையையோ காலையோ இழந்து படுத்திருந்த ஒருவரின் பக்கத்தில் அது இருந்தது; அவ்வளவுதான். அவர் தடவிக் கொடுக்கலாம். பேசலாம். பேசாமலும் இருக்கலாம். நாய் அவரிடம் காயத்தைப் பற்றிக் கேட்காது, வருத்தப்பட்டுப் பார்க்காது. வாடிய முகங்கள் மலர்வதைச் செவிலியர்கள் கண்டார்கள். பெயர் தெரிந்து, வரலாற்றில் பதிவான முதல் சிகிச்சை நாய் என்று இன்று பலரும் குறிப்பிடுவது ஸ்மோக்கியைத்தான்.

சிகிச்சை நாய் என்பது எது? பார்வையற்றவரைச் சாலையில் பாதுகாப்பாக அழைத்துச் செல்லும் வழிகாட்டி நாயைப் பலர் அறிந்திருப்பார்கள். அது ஒரே ஒருவருக்காகப் பயிற்சி பெற்று, அவருடனேயே வாழும். பணியில் இருக்கும்போது அதைப் பிறர் தொடுவதோ கூப்பிடுவதோ கூடாது; கவனம் சிதறினால் உரிமையாளருக்கு ஆபத்து. சிகிச்சை நாய் இதற்கு நேர்மாறானது. அதைத் தொடுவதற்காகவே பலர் காத்திருப்பார்கள். அது தன் உரிமையாளரின் வீட்டில் வாழும் செல்லப்பிராணி. வாரத்தில் ஒரு நாளோ மாதத்தில் இரண்டு நாளோ உரிமையாளருடன் மருத்துவமனை, முதியோர் இல்லம், பள்ளி போன்ற இடங்களுக்குச் சென்று, முன்பின் அறியாதவர்களுடன் சிறிது நேரம் இருந்துவிட்டு வீடு திரும்பும்.

'சிகிச்சை' என்னும் சொல் இங்குச் சற்றுப் பெரிதாகத் தோன்றலாம். நாய் நோயைக் குணப்படுத்துவதில்லை. மருந்துக்கோ மருத்துவருக்கோ அது மாற்று ஆகாது. எனினும், அதன் அருகில் இருக்கும்போது மனிதரின் உடலில் மாற்றங்கள் ஏற்படுகின்றன என்பதை அறிவியல் காட்டியிருக்கிறது. தாய்க்கும் குழந்தைக்கும் இடையே பாசப் பிணைப்பை வளர்க்கும் ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர் நம் உடலில் சுரக்கிறது. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாயும் அதன் உரிமையாளரும் ஒருவரையொருவர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, இருவர் உடலிலும் அந்த இயக்குநீரின் அளவு உயர்ந்தது. மனிதர்கள் வளர்த்த ஓநாய்களிடம் இந்த மாற்றம் காணப்படவில்லை. மனிதரும் நாயும் பல்லாயிரம் ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்ததன் விளைவாக இது இருக்கக்கூடும் என்பது அவர்களின் கருத்து. இங்குக் கவனிக்க வேண்டியது, மாற்றம் 'இருவரிடமும்' நிகழ்ந்தது என்பதே. நாய் வெறும் கருவியன்று. அதற்கும் அந்தச் சந்திப்பில் பங்கு உண்டு.

போர் முடிந்த பிறகும் இவ்வழக்கம் மெதுவாகவே பரவியது. நியூயார்க்கில் வாழ்ந்த குழந்தை உளவியல் வல்லுநர் போரிஸ் லெவின்சனிடம் ஜிங்கிள்ஸ் என்னும் நாய் இருந்தது. பிறருடன் பழகாமல் ஒதுங்கியிருந்த ஒரு சிறுவன், தற்செயலாக அறையிலிருந்த ஜிங்கிள்ஸிடம் நெருங்கிப் பழகினான். அந்த நாயின் வழியாகவே லெவின்சனால் அவனை அணுக முடிந்தது. 1961ஆம் ஆண்டு வல்லுநர்களின் கூட்டம் ஒன்றில் அவர் இதை எடுத்துரைத்தபோது கேலி செய்தவர்களும் இருந்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தாமல் மறு ஆண்டே அதைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். 1976ஆம் ஆண்டு எலைன் ஸ்மித் என்னும் செவிலியர், சிகிச்சை நாய்களுக்கென அமெரிக்காவில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

பின்னர், இந்த நாய்கள் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் சென்றன. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி நகரில், பிள்ளைகள் நாய்க்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. நாய்க்குக் கதை புரியுமா என்று சிரிக்கத் தோன்றும். புரியாது. அதுவே அதன் சிறப்பு. வகுப்பில் உரக்க வாசிக்கச் சொன்னால், தவறாக வாசித்துவிடுவோமோ என்று கூச்சப்படும் மாணவர்கள் உண்டு. லகர, ளகர, ழகர வேறுபாட்டில் ஒருவர் தடுமாறினாலும் நாய் திருத்தாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்காது. தலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும்.

அப்படியானால், எந்த நாயையும் இவ்வேலைக்குப் பழக்கிவிடலாமா? இந்த வினாவுக்கு விடை காண, மீண்டும் ஸ்மோக்கியிடம்தான் செல்ல வேண்டும்.

1945ஆம் ஆண்டு ஜனவரி மாதம், வின்னின் படைப்பிரிவு பிலிப்பீன்ஸின் லிங்காயென் விமானத்தளத்தில் இருந்தது. விமானங்கள் செல்லும் பாதைக்கு அடியில் தொலைபேசிக் கம்பி போட வேண்டிய தேவை ஏற்பட்டது. பாதையைத் தோண்டினால் வேலை முடிய மூன்று நாள்களாகும். அதுவரை விமானங்களை அங்கிருந்து நகர்த்தி, எதிரியின் குண்டுவீச்சுக்கு இலக்காகும்படி வெட்டவெளியில் நிறுத்த வேண்டியிருக்கும். பாதையின் அடியில் ஏற்கெனவே ஒரு குழாய் இருந்தது. அதன் நீளம் 21 மீட்டர்; விட்டம் 20 சென்டிமீட்டர். இணைப்புகளின் வழியே மண் கசிந்து, உள்ளே பல இடங்களில் குவிந்திருந்தது. ஸ்மோக்கியால் மட்டுமே அதற்குள் நுழைய முடியும்.

கம்பியோடு இணைத்த நூலை வின் அதன் கழுத்துப்பட்டையில் கட்டினார். மறுமுனைக்கு ஓடிச் சென்று அதை அழைத்தார். ஸ்மோக்கி சில அடிகள் உள்ளே சென்றதும் திரும்பி ஓடிவிட்டது. வின் மறுபடியும் அழைத்தார். அது மீண்டும் நுழைந்தது. நடுவில் நூல் சிக்கியபோது நின்று பின்னால் திரும்பிப் பார்த்தது. பிறகு எழுந்த புழுதியில் உள்ளே எதுவும் தெரியவில்லை. வின் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில் இருளில் இரண்டு சிறிய கண்கள் தெரிந்தன. வெளிச்சத்தை நெருங்கியதும் ஸ்மோக்கி ஓடி வந்து குழாயிலிருந்து வெளியேறியது. அடுத்த ஐந்து நிமிடத்திற்கு எல்லாரும் அதைத் தட்டிக்கொடுத்துப் பாராட்டினார்கள்.

அச்சிறு உயிரை அந்தக் குழாய்க்குள் அனுப்பியது சரியா என்று இன்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால், ஸ்மோக்கி ஏன் சென்றது என்பது தெளிவு. குழாயில் நுழைவது அது கற்ற வித்தைகளில் ஒன்றன்று. மறுமுனையில் கேட்டது தனக்குப் பழக்கமான குரல். அந்தக் குரல் இருக்கும் இடத்தில் தனக்குத் தீங்கு நேராது என்று ஓராண்டு வாழ்க்கை அதற்குக் கற்றுக் கொடுத்திருந்தது. மருந்து வாடையும் முனகல் ஒலியும் நிறைந்த வார்டில் அது மிரளாமல் இருந்ததற்கும் இதுவே காரணம். சிகிச்சை நாயாவதற்கு முதல் தகுதி இந்த நம்பிக்கைதான். கட்டளைகள் பிறகு வரும்.

தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ மீட்கப்பட்ட நாயிடம் இந்த நம்பிக்கை உடனே தோன்றிவிடாது. புதிய வீட்டுக்கு வந்த முதல் சில நாள்கள் பல நாய்கள் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும், சாப்பிட மறுக்கும். துடைப்பத்தை எடுத்தாலே நடுங்கும் நாய்களும் உண்டு. அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்று எவரும் கேட்டறிய முடியாது. வீட்டின் ஒழுங்கு பிடிபடச் சில வாரங்களும், இது நம் வீடு என்ற எண்ணம் வரச் சில மாதங்களும் ஆகலாம். ஒரே நேரத்தில் உணவு, ஒரே பாதையில் நடை, அதட்டாத குரல் ஆகியவை அந்நாள்களில் பேருதவி புரியும். சிங்கப்பூரில் வீவக வீடுகளில் அங்கீகரிக்கப்பட்ட சிறிய இன நாய்களை மட்டுமே வளர்க்க முடியும் என்றிருந்த நிலையில், மீட்கப்பட்ட உள்ளூர்க் கலப்பின நாய்களையும் தத்தெடுக்க வழிசெய்யும் அடோர் திட்டம் 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தத்தெடுப்பவர் தம் நாய்க்குக் கீழ்ப்படிதல் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று.

சிகிச்சை நாய்களைத் தேர்ந்தெடுக்கும் அமைப்புகள் பொதுவாக முழு வளர்ச்சி பெற்ற நாய்களையே ஏற்கின்றன. தேர்வில் பாத்திரம் ஒன்று தடாலென்று கீழே விழும். சக்கர நாற்காலி அருகில் உருண்டு வரும். ஊன்றுகோலுடன் ஒருவர் தள்ளாடியபடி நடந்து வருவார். வேறொருவர் காதையோ வாலையோ சற்று அழுத்திப் பிடிப்பார். தரையில் உணவு கிடக்கும். அதை நாய் எடுக்கக்கூடாது. திடுக்கிடுவது தவறன்று. திடுக்கிட்ட பின் எவ்வளவு விரைவாக அமைதியடைகிறது என்பதைத்தான் தேர்வாளர்கள் கவனிப்பார்கள். மிகுந்த அன்புள்ள பல நாய்கள் இதில் தேறுவதில்லை. தேறாத நாய் மோசமான நாய் என்று பொருளில்லை. ஒருவருக்கு மட்டும் துணையாக இருக்கவே அது விரும்பலாம்.

நோயாளியின் விருப்பத்தையும் அறிய வேண்டும். நாய்க்கு அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு முடியால் ஒவ்வாமை வரும். சமய நெறி காரணமாக நாயைத் தொடாதவர்களும் உண்டு. எனவே, கேட்காமல் எவருடைய படுக்கையருகிலும் நாயைக் கொண்டு செல்வதில்லை. வருமுன் நாயைக் குளிப்பாட்டி, நகத்தை வெட்டியிருக்க வேண்டும். தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். தொடுவதற்கு முன்னும் பின்னும் அனைவரும் கைகளைத் தூய்மைப்படுத்திக்கொள்வர். நோய்த்தொற்று அபாயம் மிகுந்த வார்டுகளுக்குள் நாய்க்கு இடமில்லை.

நாயின் விருப்பம் என்ன? அதனால் சொல்ல முடியாது. ஆனால் காட்ட முடியும். களைப்பில்லாதபோதும் கொட்டாவி விடுவது, உதட்டை அடிக்கடி நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்குவது ஆகியவை 'எனக்குப் போதும்' என்பதற்கான அறிகுறிகள். நாய் சோம்பலால் கொட்டாவி விடுகிறது என்று நினைத்து, மேலும் இறுக அணைத்துக்கொள்பவர்கள் பலர். உடன் வரும் உரிமையாளரின் தலையாய பொறுப்பு, அந்த அறிகுறியைப் பிறருக்கு முன்பே கண்டுகொண்டு, வரிசையில் இன்னும் பலர் காத்திருந்தாலும் நாயை வெளியே அழைத்துச் செல்வதாகும். ஒரு வருகையைப் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்திற்குள் முடித்துக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

ஸ்மோக்கியின் காலத்தில் இத்தகைய விதிகள் எழுதப்பட்டிருக்கவில்லை. அதனுடன் கூடாரத்தில் படுத்து, ஒரே டின்னிலிருந்து உண்டு, வான் தாக்குதல்களின்போது அதை அணைத்துக்கொண்டு பதுங்கிய ஒருவர் மட்டுமே உடன் இருந்தார். போர் முடிந்து ஊர் திரும்பும்போது, கப்பலில் நாய்களுக்கு அனுமதி இல்லை. விமானிகளின் உயிர்வளி முகமூடியை வைக்கும் பைக்குள் ஸ்மோக்கியை ஒளித்து வைத்து வின் அழைத்துச் சென்றார். விதிமீறல்தான். பதுங்குகுழியில் கிடந்த நாயை இன்னொரு முறை அனாதையாக்க அவருக்கு மனம் வரவில்லை.

கிளீவ்லாந்தில் ஸ்மோக்கி பெரும் புகழ் பெற்றது. தொலைக்காட்சியில் அதன் வித்தைகள் நேரலையாக ஒளிபரப்பாயின. அதே வேளையில், வின் அதை மருத்துவமனைகளுக்கும் தொடர்ந்து அழைத்துச் சென்றார். நியூ கினியில் தொடங்கிய அந்தப் பணி ஏறக்குறைய 12 ஆண்டுகள் நீடித்தது. 1957ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் ஸ்மோக்கி உறக்கத்திலேயே இறந்தது. அப்போது அதற்கு வயது 14 இருக்கலாம். துப்பாக்கிக் குண்டுகள் வைக்கும் பழைய இராணுவப் பெட்டி ஒன்றில் வைத்து, கிளீவ்லாந்துக்கு அருகிலுள்ள ஒரு பூங்காவில் வின்னின் குடும்பத்தார் அதை அடக்கம் செய்தார்கள்.

2005ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், அந்த இடத்தில் வெண்கலச் சிலை ஒன்று திறந்துவைக்கப்பட்டது. இரும்புத் தலைக்கவசத்திற்குள் ஸ்மோக்கி அமர்ந்திருக்கிறது. உண்மையான உருவத்தின் அளவுதான். அப்போது வின்னுக்கு வயது 83. அதன் பின்னரும் பல ஆண்டுகள், தம்மைத் தேடி வந்தவர்களிடம் இரண்டு பவுண்டு கொடுத்து வாங்கிய அந்த நாயைப் பற்றி அவர் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். 2021ஆம் ஆண்டு, தமது 99ஆம் வயதில் அவர் காலமானார்.